ஒரே கோட்டில் இறங்கும் இரண்டு வாள்கள்

எதிராளியின் வாள் உச்சந்தலையை நோக்கி இறங்குகிறது. ஒதுங்கக் கூடாது, தடுக்கவும் கூடாது. அதே கோட்டில், அவர் தலையைக் குறிவைத்து நாமும் வெட்ட வேண்டும். சரியாக வெட்டினால் அவர் வாள் பக்கவாட்டில் சரியும். நம் வாள் நடுக்கோட்டிலேயே நிற்கும். ஜப்பானின் ஓனோ-ஹா இத்தோ-ரியூ வாள்மரபுக்கு உயிர்நாடியான இந்த உத்தியின் பெயர் ‘கிரி-ஒதோஷி’. இத்தோ-ரியூவைத் தொடங்கிய இத்தோ இத்தோசாயின் சீடரும், ஜப்பானை ஆண்ட தொகுகாவா ஷோகுன்களின் (ராணுவ ஆட்சியாளர்களின்) வாள் ஆசிரியருமான ஓனோ தாதாஅகியின் வழி வந்த மரபு இது. முதல் கட்டாவான (இருவர் சேர்ந்து செய்யும் வரையறுத்த பயிற்சித் தொடர்) ‘ஹிதொத்சு-கச்சி’யிலேயே கிரி-ஒதோஷி வந்துவிடும். அதைக் கற்று முடித்தவர் என்று யாருமில்லை.

பார்க்க மாயம் போலிருந்தாலும் வேலை செய்வது ஆப்பும் நெம்புகோலும்தான். கத்தானா என்னும் ஜப்பானிய வாளின் பக்கவாட்டில் ‘ஷினோகி’ என்ற மேடு நீளவாக்கில் ஓடும். வெட்டும் விளிம்பிலிருந்து அந்த மேடு வரை வாள் தடித்துக்கொண்டே போகிறது. சற்றே பிந்தி இறங்கும் வாள் எதிர்வாளின் மேல் பக்கமாக உரசி இறங்கும்போது, விறகில் இறங்கும் ஆப்பைப் போல அதை ஓரம் தள்ளுகிறது.

மீதியை நெம்புகோல் பார்த்துக்கொள்கிறது. உரசும் இடம் நம் பிடியிலிருந்து 30 செ.மீ., அவர் பிடியிலிருந்து 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரு வாள்களும் ஒன்றையொன்று தள்ளும் விசை சமம். ஆனால் அவர் மணிக்கட்டு தாங்க வேண்டிய திருப்புத்திறன் நம்முடையதைப்போல் இரு மடங்கு. அவர் வாள் 10 பாகை திரும்பினாலே, பிடியிலிருந்து 70 செ.மீ. தள்ளி இருக்கும் முனை சுமார் 12 செ.மீ. விலகிவிடும். தலை தப்பிக்க அது போதும். 5 பாகை என்றால் 6 செ.மீ.தான், காது போகும்.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, எதிராளியின் வாளை அடிக்கப் போவது. அப்போது தடுப்பு ஒன்று, வெட்டு இன்னொன்று என இரண்டு அசைவாகிவிடும். அடுத்தது வலதுகை இறுக்கம். இறுகினால் வாள் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும், நடுக்கோடு கைவிட்டுப் போகும். இடதுகையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான் பிடிக்க வேண்டும். வலதுகை வழிகாட்டினால் போதும். நேரம் பிசகினாலும் ஆபத்துதான். முந்தினால் எதிராளி வெட்டை மாற்றிவிடுவார், பிந்தினால் இருவருக்கும் அடி விழும். கண் பார்த்துக் கை அசையவே கிட்டத்தட்ட 0.2 விநாடி ஆகிறது. அதனால் வாளைப் பார்த்துக் காத்திருந்தால் வேலைக்காகாது. அவர் உடல் கிளம்பும் கணத்தைப் பிடிக்க வேண்டும்.

இங்கே தாக்குபவர் (உச்சிகத்தா) மூத்தவர். வெல்பவர் (ஷிகத்தா) கற்பவர். இரக்கப்பட்டு மூத்தவர் வெட்டைச் சற்று ஓரமாக இறக்கினால் உத்தி பலித்ததுபோல் தெரியும், கற்பவருக்கோ ஒன்றும் வந்திருக்காது. இதைவிட மோசமான உதவி கிடையாது.

கிரி-ஒதோஷிக்குப் பின் மூத்தவர் பின்வாங்கி வாளை உயர்த்துவார். கற்பவர் மரவாளால் அவர் முன்கையை நிஜமாகவே அடிப்பார். அதற்காகவே மூத்தவர் ‘ஒனிகோதே’ அணிகிறார். அரக்கன் கையுறை என்று பொருள்; தோலுக்குள் திணிப்பு வைத்துத் தைத்த பருத்த உறை. அடியைக் காற்றிலேயே நிறுத்திப் பழகியவருக்கு வாள் எப்போதும் நாலு விரல் குறைவாகவே எட்டும். இந்த உறை அந்தப் பழக்கம் படியாமல் காக்கிறது.

பயிற்சிக்கு முன் மரவாளை விரலால் தடவிச் சிலும்பு, விரிசல் பார்ப்பது கட்டாயம். மோதிக்கொண்டே இருப்பதால் கருவாலி மரம்கூட இழை பிரியும். விரிசல் கண்டதை ஒதுக்கிவிட வேண்டும். முனை முறிந்து பறந்தால், முகத்துக்கு இங்கே கவசம் கிடையாது.