துயரத்துக்கு மருந்தாக நாயைத் தத்தெடுக்காதீர்கள்

மருத்துவமனையில் ஆன்மிக ஆற்றுப்பணி செய்யும் சாப்ளின்களிடம் கடவுளைப் பற்றிய கேள்விகள் மட்டும் வருவதில்லை. துணையை இழந்தவர், பிள்ளைகளைத் தொலைவில் விட்டுத் தனியே வாழும் பெரியவர், இரவுப் பணி முடிந்து ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பும் செவிலியர் எனப் பலரும் கேட்பது இது: "காப்பகத்திலிருந்து ஒரு நாயை எடுத்து வளர்க்கலாமா? மனசுக்கு ஆறுதலா இருக்கும் இல்லையா?"

வளர்க்கலாம். சிக்கல் கேள்வியின் இரண்டாவது பாதியில் இருக்கிறது. மீட்கப்பட்ட நாய் தனக்கே ஆறுதல் தேவைப்படும் நிலையில்தான் வந்து சேர்கிறது. முதல் சில வாரங்களில் அது தருவதைவிட உங்களிடம் கேட்பதுதான் அதிகம். இதை முன்பே அறிந்து எடுப்பவர்களிடம் நாய் நிலைத்துவிடுகிறது. அறியாமல் எடுப்பவர்கள் சில வாரங்களிலேயே களைத்து, குற்றவுணர்வோடு வந்து நிற்கிறார்கள்.

துக்கத்தில் இருப்பவர் இத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்று பொதுக்கணக்கு எதுவும் கிடையாது. நாள்களை எண்ணுவதைவிட அடையாளங்களைப் பாருங்கள். முன்பு வளர்த்து இறந்துபோன நாயின் அதே நிறத்தில், அதே இனத்தில்தான் வேண்டும் என்று தேடுகிறீர்களா? பழைய பெயரையே புதியதற்கும் வைக்கத் தோன்றுகிறதா? அப்படியானால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். வருகிற நாய் போனவரின் இடத்தை நிரப்பாது. நிரப்பவில்லையே என்ற ஏமாற்றம், ஒரு பாவமும் அறியாத அதன் மேல் எரிச்சலாகத் திரும்பும். உங்கள் சாப்பாடும் தூக்கமும் ஓரளவு ஒழுங்குக்கு வந்த பிறகு காப்பகத்துக்குப் போவதே நல்லது. வளர்ப்பு நாயை இழந்தவரிடம் "நாய்தானே" என்று சொல்லி அந்தத் துக்கத்தை ஒதுக்காதீர்கள். அழ இடம் கிடைக்காத துக்கம் ஆறாமல் கிடக்கும். அதற்கென்று ஒரு சின்னப் பிரார்த்தனையோ, நான்கு பேர் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவதோ கட்டாயம் உதவும்.

பிறரைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஓர் ஒத்திகை உண்டு. நாய் வருவதற்கு முன் 2 வாரம், நாய் இருப்பதாகவே வைத்துக்கொண்டு நாள்களை ஓட்டிப் பாருங்கள். காலையில் 30 நிமிட நடை, மாலையில் மறுபடி 30 நிமிடம், படுக்கப் போகுமுன் 10 நிமிடம். உடலும் மனமும் ஓய்ந்துபோன நாளிலும் இது முடிகிறதா என்பதுதான் கேள்வி. வளர்ந்த நாயை 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்கவைக்கக் கூடாது. குட்டியானால், அதன் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரமே உச்சவரம்பு. 3 மாதக் குட்டிக்கு 4 மணி நேரம். எனவே 12 மணி நேரப் பணிமுறையில் இருப்பவர், நடுவில் வந்து நாயை வெளியே கூட்டிப்போக நம்பகமான ஓர் ஆளை உறுதிசெய்யாமல் தத்தெடுக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. அப்படிப்பட்டவர்களுக்குக் குட்டியைவிட 3, 4 வயது கடந்த, குணம் தெரிந்த நாயே பொருந்தும். காப்பகங்களில் அதிக காலம் காத்துக் கிடப்பவையும் பெரும்பாலும் வயது கூடியவைதான்.

முதல் 3 நாள், 3 வாரம், 3 மாதம்

மீட்பவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு இது. முதல் 3 நாள் நாய் திகைப்பில் இருக்கும். 3 வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடும். 3 மாதம் ஆகும்போதுதான் இது தன் வீடு என்ற நிம்மதி வரும். மிகவும் பயந்த நாய்க்கு இதைவிட நீளலாம். முதல் வாரம் சாதுவாக மூலையில் கிடந்த நாய் மூன்றாம் வாரம் குரைக்கிறது, செருப்பைக் கடிக்கிறது என்று பலர் கலங்குவார்கள். அது கெட்டுப்போகவில்லை. அச்சத்தில் அடங்கிக் கிடந்தது, இப்போதுதான் தன் இயல்பைக் காட்டத் துணிகிறது. பழக்கத் தொடங்க ஏற்ற நேரமும் அதுதான்.

முதல் நாள் ஓர் அமைதியான அறை, தண்ணீர், விரிப்பு, ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம், இவை போதும். அன்றே குளிப்பாட்ட வேண்டாம். அக்கம்பக்கத்தாரையும் உறவினரையும் அழைத்துக் காட்ட வேண்டாம். காப்பகத்தில் தின்ற அதே உணவைத் தொடர்ந்து, 7 முதல் 10 நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். வளர்ந்த நாய் முதல் ஒரு நாள் சாப்பிடாமல் இருப்பது உண்டு. இரண்டு நாளைத் தாண்டினாலோ, தண்ணீரும் குடிக்காவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டிக்கு அத்தனை நேரம் பொறுக்கக் கூடாது. எலும்பும் தோலுமாக மீட்கப்பட்ட நாய்க்கு இரக்கப்பட்டு ஒரே வேளையில் வயிறு நிறையப் போடுவது உயிருக்கே ஆபத்து. நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென உணவு கிடைக்கும்போது ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவு சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். மருத்துவர் சொல்லும் அளவில், சிறுசிறு பங்காகப் பல வேளை கொடுக்க வேண்டும்.

பயந்த நாயை அணுகும் முறை, நோயாளியின் படுக்கை அருகே உட்காரும் முறைக்கு மிகவும் நெருங்கியது. சாப்ளின் பயிற்சியில் முதலில் கற்பதே இதுதான்: நின்றுகொண்டு பேசாதே, அனுமதி இல்லாமல் தொடாதே, மௌனத்தை அவசரமாகப் பேச்சால் நிரப்பாதே. நாயிடமும் தரையில், பக்கவாட்டாக உட்காருங்கள். கண்ணை உற்றுப் பார்க்க வேண்டாம், தலைக்கு மேலே கையை நீட்ட வேண்டாம். தானாக வந்து முகர்ந்தால் மார்பிலோ தோளிலோ 3 வினாடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். அது சாய்ந்து வந்தால் தொடரலாம். விலகினாலோ அப்படியே விறைத்து நின்றாலோ அன்றைக்கு அவ்வளவுதான். தூக்கம் இல்லாதபோது கொட்டாவி, உணவு இல்லாதபோது உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளைவிழி தெரியப் பார்ப்பது, வாலைக் கால்களுக்கிடையே செருகுவது எல்லாம் "தள்ளிப் போ" என்பதன் அடையாளங்கள். அதற்குப் பிறகுதான் உறுமல். உறுமியதற்காக அடித்தால் நாய் உறுமலை மட்டும் நிறுத்தும். அச்சம் அப்படியே இருக்கும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும்.

கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடியாது. அதற்கு முன் முறையாகச் சிகிச்சை எடுத்தால் தடுத்துவிடலாம்.

புதிய நாய் தப்பி ஓடும் வாய்ப்பு தொடக்க நாள்களில்தான் அதிகம். மிரண்ட நாய் பின்னோக்கி இழுத்துச் சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளும். மார்புப்பட்டை ஒன்றும் கழுத்துப்பட்டை ஒன்றும் போட்டு, இரண்டிலும் கயிறு கோத்துப் பிடியுங்கள். பட்டைக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல் மட்டும் நுழையும் இறுக்கம் சரி. நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லு இருந்தால், அதன் பதிவேட்டில் உங்கள் தொலைபேசி எண் பதிவாகியிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஓடிவிட்டால் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு துரத்தாதீர்கள். துரத்தத் துரத்த இன்னும் தூரம் போகும். தரையில் உட்கார்ந்து, மணக்கும் உணவை வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

விடுப்பு எடுத்து நாயுடனேயே 10 நாள் இருந்துவிட்டு, 11ஆம் நாள் காலை 8 மணி நேரம் விட்டுப் போவது பலரும் செய்வது. நாய் கதவைப் பிராண்டும், ஊளையிடும். நாய் தண்ணீர், உணவுக்கு ஓரளவு பழகிய இரண்டாம், மூன்றாம் நாளிலேயே பிரிவைப் பழக்கத் தொடங்குங்கள்: கதவுக்கு வெளியே 10 வினாடி, பிறகு 1 நிமிடம், 5 நிமிடம். அது பதறுவதற்கு முன்பே திரும்பி வருவதுதான் இதில் முக்கியம். பதறியது தெரிந்தால் நேரத்தைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள்.

நோயாளி இருக்கும் வீட்டில்

வந்த சில நாளிலேயே மருத்துவப் பரிசோதனை வேண்டும்: மலம், தோல், காது, உண்ணி, தேவைப்பட்டால் ரத்தம். குட்டியானால் பார்வோ என்ற வைரஸ் தொற்று இருக்கக்கூடும்; 14 நாள் மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வையுங்கள். பெரிய நாய்க்கும் குறைந்தது 3 மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்கம் தேவைப்படும்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், மண்ணீரல் அகற்றப்பட்டவர், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தால் அவரது மருத்துவரிடம் கேட்காமல் நாயைக் கொண்டுவர வேண்டாம். நாயின் வாயில் இயல்பாகவே வாழும் கேப்னோசைட்டோஃபேகா என்ற கிருமி, மற்றவர்களை அநேகமாக ஒன்றும் செய்யாது. இவர்களுக்கு ரத்தம் வரை பரவிக் கொல்லவும் கூடும். காயத்தையும் முகத்தையும் நக்கவிடக் கூடாது. 6 மாதத்துக்குக் குறைந்த குட்டியும், வயிற்றுப்போக்கு உள்ள நாயும் இவர்களுக்கு ஏற்றவை அல்ல. நாய்க்கும் ஆபத்து உண்டு. கீழே விழுந்த பாராசிட்டமால், ஐபுப்ரோஃபன் மாத்திரைகள் அதற்கு விஷம். தோல் புற்றுக்குப் பூசும் ஃப்ளூரோயூராசில் களிம்பு இருந்த கையையோ குழாயையோ நக்கியே நாய் சாகக்கூடும்.

இன்னொரு ஆசையையும் சொல்ல வேண்டும். தத்தெடுத்த நாயை மறுமாதமே வார்டுக்கு அழைத்துவந்து நோயாளிகளுக்குக் காட்ட வேண்டும் என்பது. நல்ல மனம்தான், ஆனாலும் வேண்டாம். நோயாளிகளைச் சந்திக்கும் நாய் குறைந்தது 1 வயது, முடிந்தால் 2 வயது நிரம்பியதாகவும், கையாள்பவருடன் 6 மாதமாவது வாழ்ந்ததாகவும், முறைப்படி மதிப்பிடப்பட்டதாகவும் இருக்க வேண்டும். பச்சை இறைச்சி தின்னும் நாய்களைப் பல அமைப்புகள் அனுமதிப்பதில்லை. சால்மோனெல்லா போன்ற கிருமிகளை அவை பரப்பக்கூடும். இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஷாஃபிஈ வழியைப் பின்பற்றும் முஸ்லிம்கள் நாயின் எச்சில் பட்ட இடத்தை 7 முறை, அதில் ஒருமுறை மண் சேர்த்து, கழுவுவார்கள். அறைக்குள் வருமுன் கேட்பது அவர்களுக்கு நாம் தரும் மரியாதை. நாயை எங்குமே அழைத்துப் போகாத சாப்ளினும் வீட்டில் நாயோடு இருக்கும்போது போட்ட உடையோடும் செருப்போடும் வார்டுக்குள் போகக் கூடாது.

இறைநம்பிக்கை எங்கே வருகிறது

தன்னோடு நடந்துவந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குள் வர மாட்டேன் என்றார் தருமர். தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவத்தை இறைவன் மன்னித்தான் என்று நபிமொழி சொல்கிறது. பைபிளில் யாத்திராகமத்தின் ஓய்வுநாள் கட்டளை வீட்டாரோடும் வேலைக்காரரோடும் நின்றுவிடவில்லை. வீட்டு மிருகங்களுக்கும் ஓய்வு உண்டு என்கிறது. மூன்றிலும் உணர்ச்சிப் பெருக்கு இல்லை. தண்ணீர், உடனிருத்தல், ஓய்வு ஆகிய மூன்று செயல்கள்தான் இருக்கின்றன. பிறர் துயரைச் சுமந்தே நாளைக் கழிப்பவர்களுக்கு இது பெரிய விடுதலை. தத்தெடுத்த நாயின் மீது முதல் மாதம் பாசமே ஊறவில்லை என்றால் உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. கிண்ணத்தைக் கழுவி, நேரத்துக்கு வெளியே கூட்டிப்போனால் அன்றைய கடமை முடிந்தது. பாசம் தன் வேகத்தில் வரும்.

முயன்றும் முடியாவிட்டால் திருப்பித் தருவது பாவமா என்று கண்ணீரோடு கேட்பவர்கள் உண்டு. குழந்தையைக் கடித்த, அல்லது உங்கள் உடல்நிலையால் இனிக் கவனிக்க இயலாத நாயை, எடுத்த காப்பகத்திடமே ஒப்படைப்பது பாவமல்ல. பாவம் எது என்றால், தெருவில் இறக்கிவிடுவதும், கடித்ததை மறைத்து இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பதும்தான். என்ன நடந்தது, எப்போது, எதைக் கண்டு மிரண்டது, எது அதற்குப் பிடிக்கும் என்பதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். அடுத்த வீடு சரியாக அமைய அந்தத் தாள் உதவும்.

சக சாப்ளின்களுக்கும் செவிலியருக்கும் ஒரு வேண்டுகோள். "வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று நோயாளியிடம் கேட்கும்போது, "நாய், பூனை ஏதாவது இருக்கிறதா?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். பூட்டிய வீட்டில் நாய் பட்டினி கிடக்கிறதே என்று சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போகிறவர்கள் உண்டு. யாரும் கேட்காவிட்டால் அவர்களும் சொல்ல மாட்டார்கள். நாய் வளர்க்கும் எவரும் இன்றே ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டியவை: நாயின் பெயர், வயது, உணவின் பெயரும் வேளைக்கான அளவும், மருந்துகள், தடுப்பூசி போட்ட தேதிகள், கால்நடை மருத்துவரின் எண், எதற்குப் பயப்படும், யாரிடம் போகும். உங்களுக்கு ஏதாவது ஆனால் நாயை எடுத்துக்கொள்ளச் சம்மதித்த இருவரின் பெயரும் எண்ணும் அந்தத் தாளில் இருக்கட்டும். சம்மதத்தை நேரில் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரதி குளிர்சாதனப் பெட்டியின் கதவில், ஒன்று பணப்பையில், இன்னொன்று வீட்டுச் சாவி வைத்திருப்பவரிடம்.