குறுக்குத்துறை நீச்சல் கடலுக்குப் போதாது

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு ஜோடி திருநெல்வேலியில் எங்கள் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு வந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன்.) கல்யாணமாகி ஒரு வருஷம், அதைக் கொண்டாட கன்னியாகுமரி பக்கம் ஒரு கடற்கரை ஊரில் இரண்டு நாள் ரூம் போட்டிருக்கிறார்கள். பையன் தலைமுடியில் இன்னும் மணல் இருந்தது, உதடு நீலம் பாய்ந்திருந்தது, விரலில் மாட்டிய மெஷின் ஆக்சிஜன் அளவு 84 சதவீதம்தான் என்று காட்டியது. சாயங்காலம் நாலு மணிக்குக் கடல் இழுத்துப் போய், கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்த மீனவர்கள் இரண்டு பேர் தூக்கி வந்து போட்டிருக்கிறார்கள். வாந்தி எடுத்தான், எழுந்து உட்கார்ந்தான், ஒண்ணுமில்லை என்று சொல்லி ஒரு டீயும் குடித்துவிட்டு அவனே கார் ஓட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். நாங்குநேரி டோல்கேட் தாண்டும்போது பேச்சு வரவில்லை, மூச்சுதான் வாங்கியது. மீதி தூரம் அந்தப் பெண் ஓட்டி வந்திருக்கிறாள்.

ஆக்சிஜன் மாட்டி, ஊசி போட்டு, ஐசியூவுக்கு ஏற்றிவிட்டு வெளியே வந்தால் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "அவுகளுக்கு நல்லா நீச்சல் தெரியும் மேடம். சின்னப் புள்ளையில இருந்து குறுக்குத்துறையில குதிச்சு வளந்தவுக."

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. தாமிரபரணியில் குளிக்கிற துறை மாறும், குறுக்குத்துறை, பாபநாசம், முறப்பநாடு, சீவலப்பேரி என்று. வசனம் மாறாது. அதனால் இதை ஒரு தடவை விளக்கமாகவே எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாமிரபரணி ஒரே பக்கமாக ஓடுகிறது. இழுத்தால் கீழ்ப்பக்கம்தான் இழுக்கும். ஆற்றில் வளர்ந்தவனுக்கு அது உடம்பிலேயே ஊறியிருக்கும், நீரோடு கொஞ்சம் போய் சாய்வாக ஒதுங்கினால் அடுத்த படித்துறையோ ஒரு பாறையோ கைக்கு வந்துவிடும். இரண்டு பக்கமும் கரை இருக்கிறது, அதுதான் விஷயம். கடலில் கரை ஒரு பக்கம்தான், இழுப்பு அதற்கு நேர் எதிர்ப்பக்கம். அலையாக வந்து ஏறின தண்ணீர் எங்கேயாவது ஓர் இடுக்கு வழியாகத் திரும்பிப் போய்த்தானே ஆக வேண்டும்? அந்த இடுக்கில் நீங்கள் நின்றால் உங்களையும் சேர்த்துக் கொண்டுபோகும். சில நேரம் நொடிக்கு 2 மீட்டர் வேகம் கூட இருக்கும். ஒலிம்பிக் குளத்தில் 200 மீட்டர் நீச்சலில் உலக சாதனை வைத்திருப்பவனுக்கே சராசரியாக அந்த வேகம் வராது, நம் குறுக்குத்துறை டைவுக்கு எங்கே வரும்? நீச்சல் தெரிந்தவன்தான் கரையைப் பார்த்து எதிர்த்து அடிப்பான். நாலு நிமிஷத்தில் கை ஓய்ந்துவிடும். இழுப்பு யாரையும் அடிக்கு அமுக்குவதில்லை, களைத்துப் போய்த்தான் முங்குகிறார்கள்.

இதில் இன்னொரு கொடுமை, அந்த இடுக்கு பார்ப்பதற்கு நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும், நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையே இல்லாமல், கொஞ்சம் கலங்கலாக, அமைதியாகக் கிடக்கும். நம் ஜோடிகள் கரெக்டாக அங்கேதான் போய் நிற்பார்கள். போட்டோவில் டிரஸ் நனையாது பாருங்கள். இந்தப் பையனும் அங்கேதான் நின்றிருக்கிறான், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "முழங்கால் அளவுதான் நின்னாவ" என்றாள். முழங்கால் அளவில் நிற்பவனை அடுத்த அலை இடுப்பளவுக்குத் தூக்கும், காலுக்கடியில் மணல் கரையும், அப்புறம் நின்ற இடம் எங்கே இருக்கிறது?

மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து அடிக்காதீர்கள். மல்லாந்து மிதந்துகொண்டிருங்கள், கையைத் தூக்கிக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு உள்ளே வாருங்கள்.

சரி, பிளான் போடும் இடத்துக்கு வருவோம். கேரளத்துக் கோவளத்தில் ஜூன், ஜூலையில் ரூம் வாடகை ஏன் இறங்குகிறது என்று யாராவது யோசிக்கிறீர்களா? நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. குற்றாலத்தில் சீசன் என்றால் அரபிக்கடலில் குளியல் கிடையாது. அங்கே சாரல் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்றுதான் இங்கே கடலைப் புரட்டுகிறது. குளிக்கத்தான் ஆசை என்றால் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை போங்கள். ரூம் கொஞ்சம் விலைதான், போகட்டும். அப்போதும் சிவப்புக் கொடி நட்டிருக்கும் பக்கம் இறங்கக் கூடாது. லைஃப்கார்டு விசில் ஊதினால் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவர் உங்களை மாதிரி நூறு பேரைப் பார்த்தவர். லைஃப்கார்டே இல்லாத 'யாருக்கும் தெரியாத பீச்' என்று ரீல்ஸில் வருகிறதே, அங்கே கணுக்காலுக்கு மேல் போகவே வேண்டாம்.

ஏப்ரல், மே லீவில் போகிறவர்களுக்கு வேறொரு ஆபத்து, கள்ளக்கடல். பேர் மீனவர்கள் வைத்தது. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து திருடன் மாதிரி வந்து ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் மூழ்கி இறந்துபோனது இந்த மாதிரி ஒரு நாளில்தான், எச்சரிக்கை விட்டிருந்த சமயம். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் டியூட்டி ரூமில் யாரும் சாப்பிடவில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. ரூமுக்கு ரிவ்யூ படிக்க ஒரு மணி நேரம் செலவழிக்கிறீர்கள் இல்லையா, கிளம்புகிற காலையில் இதையும் ஒரு நிமிஷம் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் கரையில் இருக்கும் மீனவரிடம் "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேளுங்கள். படகெல்லாம் மேலே ஏற்றிக் கிடந்தால் கேட்கவும் வேண்டாம்.

பீர் குடித்துவிட்டு இறங்காதீர்கள். "ஒண்ணுதான் மேடம்" என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.

ஜோடியாகப் போகிறவர்களிடம் ஒரு கெஞ்சல். ஒருவரைக் கடல் இழுத்தால் மற்றவர் பாயாதீர்கள். பாசம் புரிகிறது, ஆனால் இரண்டு பேரையும் தேடும்படி ஆகிவிடும். கத்தி ஆளைக் கூப்பிடுங்கள், மூடி போட்ட காலி கேனோ டியூபோ கயிறோ கிடைப்பதை எறியுங்கள், 108க்கு அடியுங்கள்.

கரைக்கு வந்தவரைத் தலையில் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இதையெல்லாம் தயவுசெய்து நிறுத்துங்கள். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும், அவ்வளவுதான் பலன். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அமுக்க வேண்டும். மூழ்கியவருக்கு ஊதுவது முக்கியம். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுந்து நடந்தாலும், சிரித்தாலும், டீ குடித்தாலும் பக்கத்திலேயே இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் சில மணி நேரமாவது கவனிப்பில் வைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் இறங்கிய நுரையீரல் அப்போதைக்கு நன்றாக இருப்பதுபோல் காட்டிவிட்டு அப்புறம்தான் நீர் கோக்கும். நாங்குநேரியில் மூச்சு திணறியது இதனால்தான். ஊருக்குப் போய் நம்ம டாக்டரைப் பார்த்துக்கலாம் என்று எண்பது கிலோமீட்டர் ஓட்டி வரக் கூடாது, அந்த நம்ம டாக்டரே சொல்கிறேன்.

பையன் வியாழக்கிழமை வீட்டுக்குப் போனான். டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடும்போது அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள், "இனிமே கடலே வேண்டாம் மேடம், அடுத்த லீவுக்கு மணிமுத்தாறு போறோம்." பையன் உடனே, "அங்கன தண்ணி ஆழம் எவ்வளவு இருக்கும் மேடம்?" என்றான். நான் அவளைப் பார்த்தேன். அவள் கார் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.