ஏடில்லாமல் கதை சொன்னவர்கள்

வேல்ஸின் பழங்கதை ஒன்றில் குவிதியன் என்னும் மந்திரக்காரன் பாணர் வேடத்தில் பிரடெரி மன்னனின் அரண்மனைக்குப் போகிறான். மன்னன் கதை கேட்கிறான். ராத்திரி முழுக்க அவையே மயங்கும்படி கதை சொல்கிறான் குவிதியன். வந்த காரியம் மன்னனின் பன்றிகளைக் கிளப்பிக்கொண்டு போவது!

இடைக்கால வேல்ஸில் இப்படிக் கதை சொல்பவரை ‘கவார்வித்’ என்றார்கள். ஹவெல் மன்னன் பெயரால் வழங்கும் சட்டநூல்கள் அரண்மனைக்கு 24 அலுவலர்களைச் சொல்கின்றன. அதில் பாணருக்கு இடம் உண்டு, கதைசொல்லிக்குத் தனிப் பதவி இல்லை. பாணரே இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சரி, அவ்வளவு நீளமான கதை தலையில் எப்படி நின்றது? வரிக்கு வரி மனப்பாடம் தேவைப்படவில்லை. கதையின் கட்டுமானமே நினைவைத் தாங்கியது.

மனவிதன் என்பவனைப் பற்றிய இன்னொரு வேல்ஸ் பழங்கதையைப் பாருங்கள். மூன்று கோதுமை வயல். முதல் இரண்டும் ஒவ்வோர் இரவில் மொட்டையாகின்றன. மூன்றாம் இரவு காவலிருந்து ஒரு எலியைப் பிடிக்கிறான். திருட்டுக்குத் தண்டனை தூக்குதான் என்று அந்த எலிக்குக் குட்டித் தூக்குமரம் கட்டுகிறான். அப்போது மூன்று பேர் வருகிறார்கள். மாணவன் எலியை விடச் சொல்லி ஒரு பவுண்டு தருகிறேன் என்கிறான், பாதிரியார் மூன்று பவுண்டு, பிஷப் ஏழு. ஆளின் அந்தஸ்து ஏற ஏற விலையும் ஏறுகிறது. ஒருமுறை கேட்டாலே போதும், நாமே திருப்பிச் சொல்லிவிடலாம்.

இப்படி மூன்று மூன்றாகச் சேர்க்கும் வழக்கம் தனிப் பட்டியல்களாகவும் இருந்தது: ‘பிரிட்டன் தீவின் மூன்று பொற்செருப்புத் தைப்பவர்கள்’ என்பது போல. ஒரு பெயரை இழுத்தால் மற்ற இரண்டு பேரின் கதையும் கூடவே வரும்.

இன்னொரு கொக்கி, ஊர்ப்பெயர். குவிதியன் பன்றிகளோடு தங்கிய இடங்களுக்கெல்லாம் மோக்னன்ட், மோக்ட்ரெவ் என்று பன்றியை வைத்தே பெயர். வரிசையாக ஊர்களைச் சொன்னாலே தப்பித்த பாதை வந்துவிடும். பெயருக்காகக் கதை கட்டினார்களோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்தக் கொக்கிகள் இல்லாவிட்டால்? ‘ரொனாப்வியின் கனவு’ என்ற கதையில் குதிரைகள், ஆயுதங்கள், மேலாடைகளின் நிறங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. இதனால்தான் பாணரோ கதைசொல்லியோ ஏடில்லாமல் இதைச் சொல்ல முடியாது என்று கதையின் முடிவிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அது இன்று 1400-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஹெர்கெஸ்ட் செம்புத்தகம் என்ற ஒரே சுவடியில்தான் கிடைக்கிறது.