ரேஸ் டயரும் ரேஸ் பேடும் சாலையில் ஏன் கைவிடுகின்றன

ரேஸ் பைக்குகளைத் தயார் செய்வதும், சாலையில் ஓடும் பைக்குகளைப் பழுது பார்ப்பதும் என் தொழில். பெரிய ரேஸ் ஒன்று முடிந்த கையோடு யாராவது ஒரு தம்பி வந்து நிற்பார். "அண்ணே, ரேஸ்ல போடுற அதே பேடு போட்டுக் குடுங்க. பிரேக் புடிச்சா நச்சுன்னு நிக்கணும்." நல்ல பிரேக் வேண்டும் என்கிற ஆசையில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பேடு, அதாவது டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் கட்டை, அவர் பயன்படுத்தப்போகும் இடத்தில், கழற்றிப் போடப்போகும் பழைய பேடைவிட மோசமாகத்தான் பிடிக்கும். இதை நேரில் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரேஸ் பைக்கில் டயர், பிரேக் எல்லாமே சூடான நிலையில் வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டவை. உலக பைக் பந்தயத் தொடரான மோட்டோஜிபியில் ஓடும் வண்டிகளின் முன்சக்கரத்தில் இருப்பது கார்பன் டிஸ்க், அதாவது பேடு அழுத்திப் பிடிக்கும் வட்டத் தட்டு. ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் வரும்வரை அது ஒழுங்காகப் பிடிக்காது. அதற்கு மேல் போனால் அபாரமாகப் பிடிக்கும், 800 டிகிரி வரைக்கும் தாங்கும். அங்கே அந்தச் சூட்டுக்குப் பஞ்சமில்லை. 2023இல் இத்தாலியின் முஜெல்லோ ஓடுதளத்தில் மோட்டோஜிபி வீரர் பிராட் பைண்டர் மணிக்கு 366.1 கி.மீ. வேகத்தைத் தொட்டார். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியைவிட 360 கி.மீ. வேகத்தில் போகும் அதே வண்டியிடம் 36 மடங்கு ஆற்றல் இருக்கிறது. வளைவுக்கு முன்னால் அதில் பெரும்பகுதி சில நொடிகளில் டிஸ்க்கில் சூடாக இறங்குகிறது. சுற்றுக்குச் சுற்று இதுதான் நடக்கிறது.

கடையில் ரேஸ் பேடு என்று கிடைப்பது இரும்பு டிஸ்க்குக்கானதுதான். ஆனாலும் குணம் அதேதான்: சூடு ஏறினால்தான் கடிக்கும். காலையில் வண்டியை எடுத்து முதல் திருப்பத்தில் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்தால், அப்போது பேடும் குளிர்ந்திருக்கும், டிஸ்க்கும் குளிர்ந்திருக்கும். லிவரை அழுத்துவீர்கள், வண்டி நீங்கள் நினைத்ததைவிடச் சில அடி தள்ளிப்போய் நிற்கும். சாலையில் அந்தச் சில அடிதான் எல்லாம்.

டயர் விஷயம் இன்னும் மோசம். ஸ்லிக் என்பது பள்ளமே இல்லாத வழுவழுப்பான ரேஸ் டயர். அதைப் பிட்டில், அதாவது வண்டியைத் தயார் செய்யும் இடத்தில், டயர் வார்மர் என்ற சூடேற்றும் உறையைச் சுற்றி, சுமார் 90 டிகிரிக்குச் சூடேற்றிய பிறகே வெளியே விடுகிறோம். வெளியே போன பிறகும் அந்தச் சூட்டைக் காப்பாற்றுவது ஓட்டுபவரின் வேலை. ஜெர்மனியின் சாக்சென்ரிங் ஓடுதளத்தில் 13 வளைவுகள், அதில் 10 இடதுபக்கம், 3 மட்டும் வலதுபக்கம். வரிசையாக இடது வளைவுகளாகப் போய்க்கொண்டே இருப்பதால் டயரின் வலது ஓரம் ஆறிவிடுகிறது. அப்புறம் 11ஆவது வளைவில் வலதுபக்கம் சாய்க்க வேண்டும். உலகின் தலைசிறந்த ஓட்டுநர்கள் ஆண்டுதோறும் அங்கே விழுகிறார்கள். அத்தனை கவனத்தோடு சூடேற்றிய டயரே சில நொடிகளில் இப்படி ஆறுகிறது என்றால், சூடே ஏறாத ஸ்லிக்கோடு மண்ணும் எண்ணெயும் கிடக்கும் சாலையில் சாய்ப்பவரை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. தண்ணீரை வெளியேற்றப் பள்ளம் இல்லாத டயர் அது. மழை வந்தால் கதை முடிந்தது.

ஓடுதளத்தில் பயன்படுத்திக் கழித்த ஸ்லிக்கை மலிவாக வாங்கி மாட்டிக்கொண்டு ஒருவர் வந்திருந்தார். ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன், தடமே பதியவில்லை. நிறமும் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. சூடாகி ஆறி, மறுபடி சூடாகி ஆறி, அந்த ரப்பர் இறுகிப்போயிருந்தது. பார்வைக்கு இன்னும் எவ்வளவோ ரப்பர் மிச்சம் இருந்தது. அதனால்தான் ஏமாந்துவிட்டார்.

காற்றழுத்தத்திலும் இதே குழப்பம். "ரேஸர்கள் காற்றைக் குறைத்துத்தானே ஓட்டுகிறார்கள்" என்று கேட்பவர்கள் நிறைய. மோட்டோஜிபியில் முன்டயருக்குக் குறைந்தபட்சம் 1.8 பார், அதாவது சுமார் 26 பிஎஸ்ஐ இருக்க வேண்டும் என்பது விதி. அது ஓடிக்கொண்டிருக்கும்போது, சூடான டயருக்குள் சென்சார் காட்டும் அளவு. பந்தயச் சுற்றுகளில் 60 சதவீதமாவது அதற்குக் கீழே இறங்காமல் ஓட வேண்டும். 2025இல் கத்தாரில் இரண்டாவதாக வந்த மேவரிக் வினியாலஸ், இந்த விதியால் 16 நொடி தண்டனை பெற்றுப் பதினான்காம் இடத்துக்குப் போனார். அதே ஆண்டு தாய்லாந்தில் முன்னணியில் இருந்த மார்க் மார்க்கேஸ் வேண்டுமென்றே தம்பி அலெக்ஸுக்கு வழிவிட்டுப் பின்னால் ஒட்டிக்கொண்டார். முன்னால் போகும் வண்டி தள்ளும் சூடான காற்றில் டயர் சூடாகும், அழுத்தம் ஏறும். கடைசியில் முந்திப்போய் ஜெயித்தார். அவர்களுக்கே இது இவ்வளவு நுணுக்கமான கணக்கு. சாலை டயர் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கி அலைகிறது, வளைவில் வண்டி தள்ளாடுகிறது. உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவை, வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபாருங்கள். அது போதும்.

ரேஸ் பைக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் இறக்கைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். வண்டியைத் தரையோடு அழுத்தத்தான் அவை. காற்று தரும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 350 கி.மீ. வேகத்தில் கிடைப்பதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் 70 கி.மீ. வேகத்தில் கிடைக்கும். அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பாதசாரி மேல் குத்தும்படி வைக்காதீர்கள்.

சரி, ரேஸிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லையா? நிறைய இருக்கிறது. ஆயில் வடிக்கும் போல்ட்டைத் துளைத்துக் கம்பியால் கட்டுகிறோம், தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக. வண்டி வெளியே போவதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டையும் கைவைத்துப் பார்க்கிறோம். உங்களுக்குக் கம்பி வேண்டாம். மாதம் ஒருமுறை காலிப்பர் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) போல்ட், அச்சு நட், செயின் ஆகியவற்றைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பிரேக் ஆயில். 2020 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் வினியாலஸின் பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகிக் கைவிட்டது. 200 கி.மீ.க்கு மேல் வேகத்தில் வண்டியிலிருந்து குதித்துத்தான் உயிர் தப்பினார். சாலையில் அவ்வளவு சூடு வராது, ஆனால் பிரேக் செயலிழக்க வேறொரு வழி இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்தில் வரும் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிர்ணயம். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். நீண்ட மலை இறக்கத்தில், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்க, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் காலிப்பரில் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்தால் ஆவி. ஆவி அமுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. லிவர் ஹேண்டில்பார் வரை வந்து ஒட்டும், வண்டி நிற்காது.

ரேஸ் அணிகள் இந்த ஆயிலை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கும். என்னிடம் வரும் சாலை பைக்குகளில் வாங்கிய நாளிலிருந்து மாற்றாதவையே அதிகம். மூடியைத் திறந்தால் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டியது கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள், வண்டி குறைவாக ஓடியிருந்தாலும். எந்த ஆயில் என்பது மூடியின் மேலேயே எழுதியிருக்கும். டாட் 4 கேட்கும் வண்டியில் டாட் 5 ஊற்றிவிடாதீர்கள். அது சிலிகான், இதோடு சேராது. டாட் 5.1 என்பது வேறு, பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் அது டாட் 4 வகையைச் சேர்ந்தது. பாட்டிலையும் உங்கள் கண்முன் சீல் உடைக்கச் சொல்லுங்கள். போன மழைக்காலத்தில் திறந்து அலமாரியில் வைத்த பாதி பாட்டில் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும்.