விரலைத் தொடரும் கண், வெளிறும் நினைவு

சாலை விபத்தில் உயிர் பிழைத்த ஒருவர். காயம் ஆறி மூன்று வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் லாரி ஹாரன் கேட்டால் உள்ளங்கை வியர்த்துவிடும். அவர் எதிரே உட்கார்ந்த சிகிச்சையாளர், "அந்தக் காட்சிய மனசுல வெச்சுக்கிட்டே என் விரலப் பாருங்க" என்று சொல்லி, இரண்டு விரல்களை இடமும் வலமுமாக அரை நிமிடம் போல ஆட்டுகிறார். பிறகு, "இப்ப என்ன தோணுது?" பதில் வந்ததும் மறுபடி விரல்.

மந்திரிக்கிற மாதிரி இருக்கிறதே என்றுதான் எனக்கும் முதலில் பட்டது.

இதன் பெயர் இ.எம்.டி.ஆர்., கண்ணசைவை வைத்து வேதனை நினைவுகளின் வலியைக் குறைக்கும் மனநலச் சிகிச்சை. 1987இல் ஃபிரான்சின் ஷப்பிரோ என்ற அமெரிக்கப் பெண்மணி பூங்காவில் நடந்துகொண்டிருந்தார். மனதை அரித்த எண்ணங்கள் திடீரென்று வலுவிழந்ததையும், அந்நேரம் தன் கண்கள் வேகமாக அங்குமிங்கும் ஓடியதையும் கவனித்தார். 22 பேரிடம் சோதித்து 1989இல் ஆய்வாக வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனம் 2013இல் இதைப் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது.

சரி, விரலுக்கும் வேதனைக்கும் என்ன சம்பந்தம்?

போனில் பேசிக்கொண்டே சில்லறை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை தப்பும், அல்லது பேச்சு தடுமாறும். அந்தந்த நொடிக்குத் தேவையானதை மூளை ஏந்திக்கொள்ளும் இடம் அவ்வளவு சிறியது. 'வொர்க்கிங் மெமரி' என்பார்கள். கைவேலை நினைவு என்று சொல்லலாமோ? பழைய காட்சியை மனக்கண்ணில் ஓட்டவும் அதே இடம் வேண்டும். நகரும் விரலைத் தொடரும் கண் அதில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்கிறது. காட்சி மங்குகிறது, அதோடு ஒட்டிய பயமும்.

மங்கியது அப்படியே தங்குமா? நினைவை வெளியே எடுத்தால் அது சற்று இளகும், பிறகுதான் மறுபடி இறுகும் என்று 2000இல் எலிகளிடம் காட்டினார்கள். இளகிய நேரத்தில் மங்கிய பிரதிதான் திரும்பப் பதிகிறது என்பது ஊகம். நடந்தது மறக்காது, லாரியின் நிறம்கூட நினைவிருக்கும்.

விரல் இடமும் வலமும் போவதால் மூளையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் கைகோக்கின்றன என்று யூடியூபில் அளப்பவர்களை நான் நம்புவதில்லை. ஆய்வகத்தில் கண்ணை மேலும் கீழும் அசைத்தாலும் காட்சி மங்கியது. மனக்கணக்கு போட்டாலும்தான். இன்னும் வேடிக்கை, சந்தோஷ நினைவுகளும் இப்படி வெளிறுகின்றன.

கண்ணசைவே தேவையில்லை, பயந்த நினைவைப் பாதுகாப்பான சூழலில் எதிர்கொள்வதுதான் மருந்து என்று வாதிடுவோர் உண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2001இல் வந்த தொகுப்பாய்வு அவர்கள் பக்கம். 2013இல் வந்தது எதிர்ப்பக்கம்.

2019இல் கொரிய ஆய்வாளர்கள் ஒரு புதிர் போட்டார்கள். பயமூட்டப்பட்ட எலிகளுக்கு இடம் வலம் மாறி மாறி ஒளி காட்டியபோது, பயத்தைக் கிளப்பும் மூளைப் பகுதியான அமிக்டலாவை அடக்கும் ஒரு நரம்புப் பாதை விழித்தது, எலிகள் உறைந்து நிற்பது குறைந்தது. மாறி மாறி வந்த ஒளி, அசையாத ஒளியை விட நன்றாக வேலை செய்தது. அப்படியென்றால் இடம் வலம் மாறுவதிலேயே ஏதோ இருக்கிறதா? ஒப்பிட, எலிக்கு மனக்கணக்கு கொடுத்துப் பார்க்க முடியாதே.