வெள்ளைச் சுவர், பளபளக்கும் கூரை

சுண்ணாம்பு அடித்த கையோடு சுவரைப் பார்த்தால் மங்கலான சாம்பல் நிறம்தான் தெரியும். பூச்சு போதவில்லையோ என்று தோன்றும். பின்னேரம் காய்ந்ததும் அதே சுவர் கண்ணைக் கூசவைக்கும். சுண்ணாம்பு கூடவுமில்லை, குறையவுமில்லை. வெளியேறியது தண்ணீர் மட்டும். நாற்று அறையின் சுவருக்கு எதைப் பூசுவது என்று யோசிப்பவர்கள் இந்த மாற்றத்தைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

கிளிநொச்சியில் என் மைத்துனர் மிளகாய் நாற்றுக்கென ஓர் அறை அமைத்திருக்கிறார். வெயிலுக்குப் பஞ்சமில்லாத வன்னியில் அறைக்குள் எதற்குப் பயிர் என்று பலர் அவரைக் கேட்டார்கள். காரணம் வெண் ஈ. மிளகாயில் இலைச்சுருள் வைரசைப் பரப்புவது அதுதான். கன்று இளமையாக இருக்கும்போதே நோய் தொற்றினால் அந்தப் பயிரிலிருந்து விளைச்சலை எதிர்பார்க்க முடியாது. முதல் சில வாரங்களைப் பூச்சி நுழையாத அறையில், எல்.இ.டி. விளக்கின் கீழ் கழித்துவிட்டால் கன்று தேறிவிடும். அவர் நாலு சுவருக்கும் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டினார். வெளிச்சமும் திரும்பும், வெக்கையும் உள்ளே வராது என்று நம்பினார். முதல் வாரமே நாற்றுகள் வாடின.

அவருடைய எண்ணத்தில் பாதி சரி. ஒளியும் வெப்பமும் இரண்டு வேறு கணக்குகள் என்பதைத்தான் அவர் விட்டுவிட்டார்.

முதலில் ஒளி. நாற்று சிறியதாக இருக்கும்போது விளக்கொளியின் பெரும்பகுதி இலையில் விழாமல் சுவரிலும் தரையிலும் போய் முட்டுகிறது. ஒரு தடவை முட்டுவதோடு அது நிற்பதுமில்லை. சுவர் 90 சதவீதம் தெறிக்கவைத்தால், மூன்று தடவை முட்டிய பிறகும் 73 சதவீதம் மிஞ்சும். 70 சதவீதம் தெறிக்கும் சுவரில் மிஞ்சுவது 34. பூசாத சீமெந்துச் சுவரில் முதல் தடவையிலேயே பெரும்பங்கு தொலைந்துவிடும். சுவரின் தெறிப்புத்திறனில் காணும் சிறிய வித்தியாசம் இலையில் பெரிய வித்தியாசமாக வந்து முடிவது இப்படித்தான்.

அப்படியானால் பளபளக்கும் தாள்தானே சிறந்தது? புதிதாக, சுருக்கமில்லாமல், தூசியில்லாமல் இருக்கும் அலுமினியம் பூசிய பொலியெஸ்டர் தாள் 90 சதவீதத்துக்கு மேல் தெறிக்கும். பளபளப்பற்ற நல்ல வெள்ளைப் பூச்சும் 85 முதல் 90 வரை போகும். இடைவெளி அவ்வளவுதான். ஆனால் தாள் கண்ணாடியைப் போல ஒளியை ஒரே திசையில் திருப்புகிறது. ஒட்டும்போது விழும் ஒவ்வொரு சுருக்கமும் ஒளியைக் கீற்றுக் கீற்றாக எறியும். ஒரு கன்றுக்கு அதிகம், பக்கத்துக் கன்றுக்குக் குறைவு. வெள்ளைச் சுவரோ வந்த ஒளியை எல்லாத் திசைகளுக்கும் சிதறடிக்கிறது.

ஏன் சிதறடிக்கிறது? காய்ந்த சுண்ணாம்பு என்பது நுண்மணிகளும் அவற்றுக்கிடையே காற்றும். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் எண் முறிவுச்சுட்டி. மணியினது ஏறத்தாழ 1.6, காற்றினது 1. மணியிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து மணிக்கும் தாவும் ஒவ்வோர் எல்லையிலும் ஒளி வளைந்து, பிரிந்து, கடைசியில் வந்த பக்கமே வெளியேறுகிறது. ஈரமாக இருக்கையில் இடைவெளிகளை நிரப்பியிருப்பது 1.33 முறிவுச்சுட்டி கொண்ட தண்ணீர். எல்லையின் கூர்மை குறைய, ஒளி ஆழமாகப் போய்த் தொலைகிறது. சாம்பல் நிறத்தின் காரணம் இதுவே. கடையில் வாங்கும் வெள்ளைப் பூச்சுகளில் இதே வேலையைத் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்ற வெண்தூள் செய்கிறது. அதன் சுட்டி 2.5க்கும் மேல் என்பதால் மெல்லிய பூச்சே போதும், கழுவவும் முடியும்.

இனி வெப்பம். போருக்குப் பின் மீள்குடியேறிய காலத்தில் தகரக் கொட்டகைக்குள் ஒரு நடுப்பகலைக் கழித்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. காற்று வீசினாலும் உச்சந்தலை கொதிக்கும். அங்கே நம்மைச் சுட்டது காற்று மட்டுமல்ல, தகரம் கீழ்நோக்கி வீசிய கண்ணுக்குத் தெரியாத கதிர். 1879இல் ஜோசப் ஸ்டெபான் கண்டறிந்த விதிப்படி இந்தக் கதிர்வீசல், கெல்வினில் அளந்த வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப எகிறும். 65 பாகை செல்சியசுக்குச் சூடேறிய துருவேறிய தகரத்தின் ஒரு சதுர மீற்றர், கீழே 32 பாகையில் இருக்கும் நாற்றுமேடைக்கு 200 வாற்றுக்கு மேல் கொடுக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையென்றால், இரண்டு அயன்பெட்டிகளை நாற்றின் தலைக்கு மேல் நடுப்பகல் முழுக்கக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். என் மைத்துனர் சுவரெல்லாம் தாள் ஒட்டியவர், கூரையை வெறும் தகரமாக விட்டிருந்தார்.

அலுமினியத் தாளின் உண்மையான இடம் கூரையின் அடிப்பக்கம். பளபளக்கும் அலுமினியம் தான் சூடானாலும் அந்தச் சூட்டைக் கதிராக விடுவதில் மகா கஞ்சன். துருத்தகரம் விடுவதில் பத்தில் ஒரு பங்குகூட விடாது. நம் வீட்டுத் தேநீர் பிளாஸ்கின் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளிப் பூச்சு இருப்பதும் இதற்காகவே. ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி 1892இல் உருவாக்கிய இந்த வகைக் குடுவையில், பூச்சு கதிரை மறிக்கிறது; பொருள் வழியே வெப்பம் பாயும் கடத்தலையும், காற்றோட்டத்தோடு வெப்பம் நகரும் மேற்காவுகையையும் வெற்றிடம் மறிக்கிறது. நமக்கு வெற்றிடம் வாய்க்காது, காற்றிடைவெளி போதும். ஆனால் அது கட்டாயம் வேண்டும். தாளைத் தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே நெருக்கி வைத்தால் வெப்பம் கடத்தலாகவே இறங்கிவிடும். பளபளப்பான பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் சோளகக் காற்று கொண்டுவரும் புழுதி படிந்து சில மாதங்களில் அதன் குணம் போய்விடும்.

சுவருக்கு வேண்டியது கடத்தலைத் தடுக்கும் பொருள். பொதி கட்டப் பயன்படும் வெள்ளை நுரைப்பலகையான றெஜிபோம் அப்படிப்பட்டது. அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான் அதன் பலம். கிடுகுக் கூரையின் குளிர்ச்சியிலும் அப்படி அடைபட்ட காற்றுக்குப் பங்குண்டு. ஓர் அங்குல றெஜிபோம் ஏறத்தாழ இருபது அங்குலச் செங்கற்சுவரளவு வெப்பத்தைத் தடுக்கும். அதை வெயில் படும் மேற்குச் சுவருக்கு முதலில் போடுங்கள். கறையான் அதைத் துளைத்து வழி போட்டுவிடும் என்பதால் நிலமட்டத்திலிருந்து உயர்த்திப் பொருத்த வேண்டும். தீப்பிடிக்கும் பொருள் என்பதால் விளக்குக்கும் மின்கம்பிக்கும் அருகே வேண்டாம். மேலே சாந்து பூசி மூடிவிடுவது நல்லது. வைக்கோல், மரத்தூள் நிரப்புபவர்கள் மாரியை நினைத்துக்கொள்ளட்டும். நனைந்தால் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். பூஞ்சணமும் கூடவே வரும்.

இன்னொன்று, வெளி வெப்பத்தை மறிக்கும் சுவர் உள் வெப்பத்தையும் வெளியே விடாது. 200 வாற் விளக்கு எரிக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகவே மாறுகிறது. வெளிக்காற்றைவிட அறை 3 பாகைக்கு மேல் ஏறாதிருக்க, மணிக்கு 200 கனமீற்றர் காற்றை வெளியேற்றும் விசிறி தேவை. அது உறிஞ்சும் காற்று நுழையும் வழியில் நுண்வலை இருக்க வேண்டும். இல்லையேல் வெண் ஈ அந்த வழியாலேயே வந்துவிடும். விளக்கை இரவில் எரித்தால் வெளியிலிருந்து வரும் காற்றாவது குளிர்ந்ததாக இருக்கும். என் மைத்துனர் இப்போது மாலை ஆறு மணிக்குத்தான் விளக்கைப் போடுகிறார். சுவர்த் தாளையெல்லாம் உரித்து, புதுத் தாள் வாங்கிக் கூரையின் கீழ் கட்டியிருக்கிறார். சுவருக்குச் சுண்ணாம்பு.

அந்தச் சுண்ணாம்பில் நீலம் கலக்கவில்லை. நீலம் போட்டால் சுவர் நம் கண்ணுக்குக் கூடுதல் வெள்ளையாகத் தெரியும். உண்மையில் அது மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புப் பக்கத்து ஒளியில் ஒரு பங்கை விழுங்கித்தான் அந்தத் தோற்றத்தைத் தருகிறது. இலை ஆவலோடு உண்பது சிவப்பை. வெள்ளையடிக்க வருபவர் கைப்பழக்கத்தில் ஒரு பிடி போட்டுவிடுவார். வாளியைக் கலக்கும் முன்பே சொல்லிவையுங்கள்.