கடல் கதைக்கு மதிப்புரை எழுதும் மாணவருக்கு

பத்தாம் வகுப்புத் தமிழில் நூல் மதிப்புரைக்கு எட்டுக் குறிப்புகள் தருகிறார்கள்: நூலின் தலைப்பு, மையப்பொருள், மொழிநடை, வெளிப்படுத்தும் கருத்து, நயம், கட்டமைப்பு, சிறப்புக்கூறு, ஆசிரியர். தேர்வில் அந்த வரிசையிலேயே எழுதிவிடுங்கள். பள்ளி மலருக்கோ போட்டிக்கோ எழுதும்போதுதான் அது காலை வாரிவிடும். ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு வரி என்று நிரப்பினால் 'மொழிநடை எளிமையாக உள்ளது', 'கருத்து சிறப்பாக உள்ளது' என்றுதான் வந்து விழும். நீங்கள் எழுதிய வரியை வேறொரு நூலுக்குப் பொருத்திப் பாருங்கள். அங்கேயும் ஒட்டிக்கொண்டால் அடித்துவிடலாம்.

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், தொண்டி, மண்டபம், கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் படிக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கடல் கதையில் எது பொய் என்று அவர்களுக்குச் சட்டென்று தட்டும். ஆனி, ஆடியில் தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்றடித்தால் கொந்தளிப்பது தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா. வடகடல், அதாவது பாக் விரிகுடா, அப்போது பெரும்பாலும் அமைந்து கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் வடக்கிலிருந்து வாடைக் காற்று இறங்கினால் நிலைமை தலைகீழ். ஆடி மாதத்தில், வடகடல் கரையில் இருக்கும் தேவிபட்டினத்துக் கடலில் ஆளுயர அலை எழுந்து வல்லம் என்னும் படகைக் கவிழ்த்ததாக ஒரு கதை சொன்னால், எழுதியவர் கரையில் யாரிடமும் விசாரிக்கவில்லையோ என்று சந்தேகப்படலாம்.

சந்தேகம் வந்த உடனே தப்பு என்று எழுதிவிடாதீர்கள். கதையில் மே மாதத்தில் விசைப்படகு கடலுக்குப் போகிறதா? கதை நடக்கும் ஆண்டைப் பாருங்கள். மீன்பிடித் தடைக்காலம் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 2001இல் 45 நாளாகத் தொடங்கி, 2017இல்தான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளானது. 1980களில் நடக்கும் கதையில் அது பிழையே இல்லை. நாட்டுப்படகுக்கு இன்றும் அந்தத் தடை கிடையாது. தனுஷ்கோடி ஸ்டேஷனில் போய் இறங்கும் பாத்திரம் என்றால், கதை அந்த ஸ்டேஷனை அழித்த 1964 டிசம்பர் புயலுக்கு முன்பு நடக்க வேண்டும்.

பிழை உறுதியானாலும் அடுத்த கேள்வி இருக்கிறது: கதை அதன் மேல் நிற்கிறதா? போகிற போக்கில் வந்த தவறு என்றால் ஒரு வரி போதும். முடிவே அந்தத் தவறான தகவலால்தான் நிகழ்கிறது என்றால் விரிவாகப் பேசுங்கள். தகவலைவிட முக்கியமானது ஆட்களைக் காட்டும் விதம். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, முங்கிக் கடல்பாசி எடுக்கும் பெண்ணுக்குக் கதையில் எடுக்க ஒரு முடிவாவது இருக்கிறதா, அழுவதற்கு மட்டும் வந்துபோகிறாரா? இதை ஏனோ பெரும்பாலான மதிப்புரைகள் கேட்பதில்லை.

வேலை முறை எளிது. முதல் வாசிப்பில் பென்சில் வேண்டாம். இரண்டாவதில் உங்களை நிறுத்திய இடம், சலித்த இடம் இரண்டையும் பக்க எண்ணோடு தனித்தாளில் குறியுங்கள். பிறகு உங்கள் தீர்ப்பை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அது வராவிட்டால் மதிப்புரை எழுதும் நேரம் வரவில்லை, மறுபடி படியுங்கள். 300 சொல் மதிப்புரையில் கதைச்சுருக்கம் 70 சொல்லைத் தாண்டினால் மதிப்பிட இடம் இருக்காது. முடிவைச் சொல்லாதீர்கள். மேற்கோள் இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டு வரிக்குள், பக்க எண்ணோடு. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை ஆகியவை தலைப்புக்குக் கீழே. பின்னட்டை வாசகத்தைத் தொடவே வேண்டாம், அது விற்பதற்கு எழுதியது.

மொழிநடையைப் பற்றி எழுத வேண்டுமா? 'உரையாடலில் மண்டபத்துப் பேச்சு வருகிறது, விவரிப்பு மட்டும் செய்தித்தாள் தமிழாக இருக்கிறது. 42ஆம் பக்கத்தில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன' என்கிற மாதிரி எழுதினால் படிப்பவர் சரிபார்க்கலாம். பாத்திரம் பேசுவதை ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. கந்துவட்டிக்குக் கொடுப்பவன் கதையில் தன் தொழிலை நியாயப்படுத்தினால், ஆசிரியர் வட்டிக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று பொருளில்லை. அந்தப் பேச்சுக்குப் பிறகு கதை அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.